தேடிப் பார்த்தேன் என்று போட்ட கையெழுத்து

நீ கொடுத்த பீங்கான் ஃப்யூஸ் கட்டைக்கு அடியில் அந்தத் தாள் இருக்கிறது. முந்தாநாள் தபாலில் வந்தது. பத்து வாரத்துக்கு முன் எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் நான் எழுதிக் கொடுத்த விண்ணப்பம்தான், வெளியூர் நூலகம் ஒன்றுக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறது. ஓரத்தில் யாரோ நீல மையில் எழுதியிருக்கிறார்கள்: "இந்த ஆய்வேடு எங்களிடம் இல்லை. உங்கள் பல்கலைக்கழகத்தில்தான் சமர்ப்பிக்கப்பட்டது. உங்கள் நூலகத்திலேயே இருக்க வேண்டும்." நீ இறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கட்டையை எடுத்துச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. உன் அப்பா வேலை பார்த்த கம்பெனியில் செய்தது என்பதால் விட்டுவிட்டேன்.

இதே தாளை நீ பார்த்திருந்தால் என்னை என்ன பாடு படுத்தியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். விருத்தாசலத்துக் கல்லூரி நூலகத்தில் ஒப்பந்த வேலை, அதிலும் நீ காட்டிய கறார் இருக்கிறதே. "கம்ப்யூட்டர்ல ஒரு தடவ தட்டிப் பாத்துட்டு இல்லன்னு வந்து நிக்குதுங்க பசங்க. இல்லன்னு சொல்றதுக்கு ஒரு யோக்கிதை வேணும்டி. பேரு போட்டுத் தேடு, தலைப்பு போட்டுத் தேடு, பாடம் போட்டுத் தேடு, கடைசியா கார்டு டிராயர இழு. அப்புறம் சொல்லு இல்லன்னு." மத்தியானச் சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு நீ இதைச் சொல்லாத வாரம் கிடையாது. நான் சிரிப்பேன்.

உன் அப்பா கதை ஊருக்கே தெரியும். பீங்கான் கம்பெனியின் அரைவைப் பிரிவில் பத்தொன்பது வருஷம். வெள்ளைத் தூசி தலையிலும் புருவத்திலும் அப்பியபடி வீட்டுக்கு வருவார், பிறகு இரும ஆரம்பிப்பார். பீடி இருமல் என்று சொல்லிக் கம்பெனி கை கழுவிக்கொண்டது. உன் அம்மாவும் ஒரு நாள் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பீடிக் கட்டை எடுத்துவிட்டார். "அது என்னுது இல்ல" என்றார் அவர். வாசலில் நின்றுகொண்டிருந்த நீ, "பொய் சொல்லாதப்பா" என்றாய். பத்தாம் வகுப்பில் இருந்தோம். அதற்குப் பிறகு அவரோடு நீ சரியாகப் பேசவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டார்.

இத்தனை வருஷம் கழித்து, வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய் வந்த காலத்தில், ஏதோ ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில் அதைக் கண்டுபிடித்தாய். பீங்கான் தொழிலாளர்களிடம் நேரில் பேசி எழுதிய பழைய ஆய்வேடு. எழுதியவர் பெயரோடு அவர் பிற்பாடு வேலை பார்த்த வடக்கத்திப் பல்கலைக்கழகத்தின் பெயரும் இருந்தது. "இந்த அம்மா எங்க வூட்டுக்கு வந்தாங்கடி. எங்கப்பாகிட்ட ஒரு மணி நேரம் பேசிக்கிட்டு இருந்தாங்க, நான்தான் டீ கொண்டாந்து குடுத்தேன்" என்றாய். அப்பா என்ன பேசினார் என்று உனக்குத் தெரிய வேண்டும். "பீடியப் பத்தி கேட்டிருப்பாங்கல்ல?" என்று மட்டும் ஒரு முறை கேட்டாய்.

நான் பள்ளிக்கூட வேலையோடு பகுதி நேர ஆய்வு செய்பவள். நூலக அட்டை என்னிடம் இருந்தது. வெளியூரிலிருந்து இரவல் கேட்க ஒரு விண்ணப்பம் உண்டு. அதில் ஒரு வரி: 'இந்நூலகத்தின் எல்லா வழிகளிலும் தேடிப் பார்த்தேன், இல்லை.' அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். கணினியில் ஒரு முறை தேடினேன். வரவில்லை. பழைய ஆய்வேடுகளுக்குக் கார்டு டிராயர்கள் பின்னறையில் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். நாலரை மணி பஸ்ஸை விட்டால் ஸ்ரீமுஷ்ணத்தில் இறங்கி மாற வேண்டும் என்பதும் தெரியும். கவுண்டரில் இருந்தவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "கம்ப்யூட்டர்ல இல்லன்னா இல்லதாங்க மேடம், போட்டுக் குடுத்துட்டுப் போங்க" என்றார். போட்டுக் கொடுத்தேன். அவரும் 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்தினார். எதைச் சரிபார்த்தார் அந்த மனிதர்?

அன்று சாயங்காலம் நீ கேட்டாய், "டிராயரு பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன்.

"சரிடி. நீ பாத்தா சரிதான்."

உன்மேலும் எனக்குக் கோபம்தான். மாணவர்கள் பத்துப் பேரை விரட்டி விரட்டித் திருப்பி அனுப்பியவள், என்னை மட்டும் ஏன் விட்டாய்? எந்த டிராயர், எந்த வரிசை என்று குறுக்குக் கேள்வி கேட்டிருந்தால் அங்கேயே மாட்டியிருப்பேன், மறுநாளே ஓடியிருப்பேன். ஒவ்வொரு வாரமும் "வந்துச்சா?" என்று கேட்டாயே தவிர, நாள் குறைவாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னாயா? எட்டாவது வாரம் கேட்காமல் போய்விட்டாய்.

நேற்று லீவு போட்டுவிட்டு நூலகத்துக்குப் போனேன். அதே ஆளிடம் தாளை நீட்டினேன். "ஓ, இங்கயே இருக்குதா" என்று சிரித்தார். அவரிடம் கத்தினேன். படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கத்தும்போதே தெரிந்தது, பாதி எனக்கு நானே கொடுத்துக்கொண்ட ஏச்சு என்று. பின்னறையில் மூன்றாவது டிராயரில் கார்டு இருந்தது. தேடுவதற்கு இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. நகல் எடுக்க விடமாட்டோம் என்றார்கள். அங்கேயே உட்கார்ந்து கையால் எழுதிக்கொண்டேன்.

பெயர் போடவில்லை. ஆனால் அரைவைப் பிரிவு, சொந்த ஊர் நல்லூர் பக்கம், இரண்டு பெண்கள் என்று இருந்தது. வேறு யாராக இருக்க முடியும்? உன் அப்பா சொன்னதை ஆய்வு செய்த அந்த அம்மா ஒரு வார்த்தை மாற்றாமல் போட்டிருக்கிறார்: "பீடி பழக்கம் கெடயாதுங்க. மண்ணு கலக்குற எடத்துல இருக்கற ஆளு ஒருத்தரு, அவரு சட்ட நனைஞ்சிடுதுன்னு பீடிக் கட்ட எங்கிட்ட குடுத்து வைப்பாரு. வூட்ல யாரும் நம்பல. பெரிய பொண்ணு படிக்குது. அது ஒரு நாளைக்கு நம்பும்."

அந்தப் பெரிய பொண்ணு நீதான்.

உண்மை சொன்ன அப்பாவைப் பார்த்துப் பொய் சொல்லாதே என்றாய். பொய் சொன்ன என்னைப் பார்த்து நீ பாத்தா சரிதான் என்றாய். இதை எழுதும்போது எனக்கு வருவது துக்கம் இல்லை. ஒரு பஸ்ஸுக்காக உன்னிடமிருந்து எட்டு வாரத்தைப் பறித்தவள்மேல் வரும் ஆத்திரம். நீ நம்பியிருப்பாய். அதை நீ நம்பிவிட்டுப் போயிருக்கலாம்.

நாளைக்கு உன் அம்மாவிடம் எழுதிக்கொண்டு வந்த அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டப் போகிறேன். முடித்ததும் அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். "இத எம்பொண்ணு படிச்சுதாம்மா?" என்பார். இல்லை என்று சொல்லுவேன். ஏன் என்பார். டிராயரைப் பார்க்காமலே பார்த்தேன் என்று சொன்னேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன்.