தூணுக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்றாம் மாடித் தங்கை எழுதிக்கொள்வது. நானும் என் பையனும் சுகம். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? தம்பி வீட்டில் படியேற வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். உங்கள் விலாசத்தை வாட்ச்மேன் அண்ணனிடம் வாங்கினேன். கொடுக்கலாமா, கூடாதா என்று கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன் நோட்டிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து எழுதிக் கொடுத்தார்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். உங்கள் பழைய எண் வேலை செய்யவில்லை. புது எண் கிடைத்திருந்தாலும் அதில் எழுதியிருக்க மாட்டேன். அனுப்பினால் ஒரு டிக், போய்ச் சேர்ந்தால் இரண்டு டிக், நீங்கள் பார்த்துவிட்டால் அது நீலமாகிவிடும். பார்த்துவிட்டும் பதில் இல்லையே என்று எடுத்து எடுத்துப் பார்த்தே நான் ஓய்ந்துபோவேன். தபாலில் அந்தத் தொல்லை இல்லை. படித்தீர்களா, படிக்காமலே எறிந்தீர்களா என்பது உங்களோடு போகட்டும்.

பல் ஆஸ்பத்திரியில் இன்னமும் என்னை டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் டோக்கன் கொடுப்பது நான் இல்லை. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு தொடுதிரை வைத்துவிட்டார்கள். பெயர், பிறந்த தேதி, எந்தப் பல் என்று தொட்டுத் தொட்டுச் சொன்னால் அது சீட்டைத் துப்பும். வலியோடு வருகிறவர்கள் ஒரு கையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையால் தாங்கள் பிறந்த வருடத்தைத் தேடுகிறார்கள். வயதானவர்கள் விரலால் வெகுதூரம் தள்ளிக்கொண்டே போக வேண்டும். நடுவில் கை நடுங்கினால் மறுபடி முதலிலிருந்து. அதனால் என்னை அந்தத் திரைக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருக்கிறார்கள். முன்பு உட்கார்ந்து செய்த வேலையை இப்போது நின்றுகொண்டு செய்கிறேன். என் வேலையைக் குறைக்க வந்த மிஷினுக்கு நான் எடுபிடி. சாயங்காலம் கிளம்பும்போது அது என்னிடமே, இன்றைய சேவை எப்படி இருந்தது என்று கேட்டு ஐந்து முகங்களைக் காட்டும்.

நம் கட்டடத்திலும் கேட்டைத் திறக்க ரகசிய எண் போட்டுவிட்டார்கள். மாதம் ஒருமுறை மாறும். மாறின அன்று பாதிப் பேர் வெளியே நிற்பார்கள். லிஃப்ட் பேச ஆரம்பித்திருக்கிறது. கதவு மூடப்போகிறது என்று மூடின பிறகு சொல்கிறது. எல்லாம் வசதிக்காக என்கிறார்கள். யாருக்கு வசதி என்று கேட்கக்கூட எனக்கு அலுப்பாக இருக்கிறது.

இதையெல்லாம் வளவளவென்று எழுதுவது எதைத் தள்ளிப்போடுவதற்கு என்று உங்களுக்குப் புரியாமல் இருக்காது.

போன வாரம் நீங்கள் தம்பி போனிலிருந்து வாட்ச்மேன் அண்ணனைக் கூப்பிட்டீர்களாம். கீழ்த்தளத்தில் நீங்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட அறையில் விட்டுப்போன குட்டி நாற்காலிகளை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னீர்களாம். தம்பி ஊரில் ஒரு மழலையர் பள்ளியில் வேலை கேட்டுப் போனதையும், அதை நடத்துகிற அம்மாள் பேசிக்கொண்டிருக்கும்போதே போனைத் திருப்பிக் காட்டி, "இது நீங்கதானே?" என்று கேட்டதையும் சொன்னீர்களாம். எட்டு மாதம் கழித்து, அவ்வளவு தூரத்தில், அங்கேயும் அந்த வீடியோ வந்து சேர்ந்துவிட்டது. அவர் இதை என்னிடம் சொன்னபோது குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்னால் அங்கே நின்றிருக்க முடியாது.

அக்கா, அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் என்ன பார்த்தேன் என்பதை ஒரு தடவையாவது என் கையால் எழுத வேண்டும்.

மத்தியானம் நாலு மணி இருக்கும். நான் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே நீங்கள் குழந்தைகளை வரிசையாக உட்கார வைத்துத் தலை சீவிக்கொண்டிருந்தீர்கள். நாம் குண்டூசி என்று கூப்பிடும் அந்த வாண்டு மட்டும் வரிசையில் உட்காரவில்லை. அவன் என்றைக்கு உட்கார்ந்தான்? பந்து தூணுக்கு அந்தப் பக்கம் உருண்டது, அவனும் பின்னாலேயே ஓடினான். அங்கே என் பையன் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தான். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. நீங்கள் அந்த முழங்காலோடு எப்படி ஓடினீர்கள் என்றும் தெரியாது. அவன் கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இந்தப் பக்கம் இழுத்தீர்கள். முதுகில் ஒன்று வைத்தீர்கள். பிறகு தரையில் அப்படியே உட்கார்ந்து அவனை மடியில் போட்டு அடித்த இடத்தையே தடவிக்கொண்டிருந்தீர்கள். வண்டி நின்றது. என் பையன் தலையை வெளியே நீட்டினான். ஒன்றுமில்லை, நீ போ என்று நீங்கள்தான் கையைக் காட்டினீர்கள். அப்புறம் அண்ணாந்து என்னைப் பார்த்தீர்கள். நான் ஈரத் துணியோடு நின்றிருந்தேன்.

கேட் கேமராவுக்குத் தூணுக்கு இந்தப் பக்கம்தான் தெரியும். அன்று சாயங்காலம் குழந்தை கையைத் தூக்க முடியாமல் அழுதான். மூட்டு நழுவியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, ஒரு நிமிஷத்தில் சரிசெய்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவன் அம்மா பயந்துபோய்ப் பதிவைக் கேட்டாள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் அதில் பதினொரு விநாடியை வெட்டி எடுத்துக் கட்டடத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். இழுப்பதும் அடிப்பதும் மட்டும். இன்னும் ஒரு நிமிஷம் ஓட விட்டிருந்தால் என் பையன் வண்டி கேட்டைத் தாண்டுவது தெரிந்திருக்கும். யாருக்கும் அந்த ஒரு நிமிஷம் பொறுமை இல்லை. பதினைந்து நாளில் பதிவு தானாக அழிந்துவிட்டது. வெட்டின துண்டு மட்டும் அழியவில்லை.

குரூப்பில் வரிசையாகக் கோப முகங்களைப் போட்டார்கள். இவள் மட்டும் ஏன் சும்மா இருக்கிறாள் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று நானும் ஒன்றை அழுத்தினேன். சிவப்பு முகம். நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் என் எண் இருந்திருக்கும்.

சங்கக் கூட்டத்தில் நீங்கள், "வண்டி வந்துச்சு, அதான் இழுத்தேன்" என்றீர்கள். "வீடியோவுல வண்டியே இல்லையே, யார் வண்டி?" என்று செயலாளர் கேட்டார். நீங்கள் இரண்டாவது வரிசையில் இருந்த என்னைப் பார்த்தீர்கள். நான் சொல்வேன் என்று காத்திருந்தீர்களா, இல்லை, பயப்படாதே என்று சொன்னீர்களா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. நான் மடியில் இருந்த போனைக் குனிந்து பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை, திரை அணைந்திருந்தது. "யார் வண்டின்னு கவனிக்கல" என்று நீங்கள் சொன்னது காதில் விழுந்தது.

என் பையனின் வேலை போய்விடுமோ என்று பயந்துதான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு புகார் போனால் அவனுக்குச் சவாரி கொடுக்கிற ஆப்காரர்கள் அவன் கணக்கை முடக்கிவிடுவார்கள். யாரிடம் போய் முறையிடுவது? அங்கே மனிதரே கிடையாது. எழுதினால், உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஏதோ ஒன்று பதில் போடும். முன்பு ஒருமுறை முடக்கினபோது அவன் மூன்று மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது உங்களுக்கே தெரியும். தினமும் வந்து அவனைப் பேச வைத்ததே நீங்கள்தான். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. சொன்னால் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

நீங்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போன மறுவாரம், ஆஸ்பத்திரியில் காத்திருந்த ஒருவர் என்னைக் கூப்பிட்டு அந்த வீடியோவைக் காட்டினார். அதற்குள் யாரோ சோக இசை சேர்த்து, அரக்கி என்று தலைப்பும் போட்டிருந்தார்கள். "இப்படியும் ஒருத்தி இருக்கா பாருங்க" என்றார். உங்கள் டோக்கன் எண் வந்துவிட்டது என்று சொல்லி அவரை உள்ளே அனுப்பினேன். அவர் எண் வரவில்லை. டாக்டர் திருப்பி அனுப்பினார்.

வாட்ச்மேன் அண்ணன் சொன்னதை ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பையனிடம் சொன்னேன். அவனும் அந்த வீடியோவைப் பார்த்தவன்தான். எட்டு மாதமாக நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "சவாரி வந்தா பதினஞ்சு செகண்டுதாம்மா. அதுக்குள்ள அமுக்கலைன்னா வேற ஒருத்தனுக்குப் போயிடும். நான் அதைத்தான் பார்த்துட்டிருந்தேன். பின்னாடி பார்க்கல" என்றான். இப்போதெல்லாம் வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு முன் இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறானாம். எனக்கு அது தெரியாது. சட்டையை மாட்டிக்கொண்டு, "வாம்மா, கீழ போகலாம்" என்றான்.

குண்டூசியின் அம்மா கதவைத் திறந்தாள். அவனே எல்லாவற்றையும் சொன்னான், நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தோம். கத்தவில்லை. "குழந்தை பின்னாடி வந்தது தெரியவே தெரியாதா?" என்று ஒன்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றான். "ரெண்டு வருஷம் அவங்க கையில விட்டுட்டு நிம்மதியா வேலைக்குப் போனேன். ஒரு வார்த்தை அவங்களைக் கேட்டிருக்கலாம். வீடியோவைக் கேட்டேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க மாடியிலதானே இருந்தீங்க?" என்றாள்.

அன்றே குரூப்பில் நடந்ததை எழுதிப் போட்டேன். தட்டத் தெரியாமல் தட்டி ஒரு மணி நேரம் ஆயிற்று. ஏழு பேர் கட்டைவிரலைப் போட்டார்கள். எட்டாவதாகத் தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பு வந்தது, அதற்குக் கீழே கேள்விகள் வந்தன, நான் எழுதியது மேலே போய்விட்டது. செயலாளர் கூப்பிட்டு, இப்போது எதற்கு இதைக் கிளற வேண்டும் என்றார். அந்த வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன். "நம்ம குரூப்ல எடுத்துடலாம். வெளியில போனதை யார் எடுக்கிறது?" என்றார். ஆயிரம் பேரிடம் போனது ஒரு நொடியில் போனது. அதைத் திரும்ப வாங்குவதற்கு இவர்களிடம் ஒரு பொத்தான் இல்லை.

அதனால் எனக்குத் தெரிந்த வழியில் ஒன்று செய்திருக்கிறேன். இந்தக் கவரில் இன்னொரு தாள் இருக்கிறது. நடந்தது நடந்தபடி எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். குழந்தையின் அம்மா, நான், என் பையன். அவன் வண்டி எண்ணையும் உரிம எண்ணையும் தானே எழுதினான். இது வெளியே போனால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். யோசித்துக்கொள் என்றேன். "எட்டு மாசம் யோசிச்சாச்சு" என்றான். அந்தப் பள்ளி அம்மாளிடம் இதைக் காட்டுங்கள். அவர் நம்பாவிட்டால் ஒரு வரி போடுங்கள், நாங்கள் மூவரும் ரயிலேறி வந்து நேரில் சொல்கிறோம். குழந்தையையும் கூட்டி வருவதாக அவன் அம்மா சொல்கிறாள். அவன் அந்தக் கையால்தான் இப்போது சுவரெல்லாம் கிறுக்குகிறான்.

என்னை மன்னியுங்கள் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கும் நீங்கள்தான் ஏதாவது செய்தாக வேண்டும். ஏற்கெனவே என் வீட்டுக்காக நிறையச் செய்துவிட்டீர்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை. அந்தத் தாளை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, மடிப்பு கிழியாமல்.

ஈரத்தில் நடக்காதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். சத்தமில்லாத வீடு உங்களுக்கு ஆகாது. எங்கே இருந்தாலும் உங்களைச் சுற்றி நாலு குழந்தைகள் அழுதுகொண்டும் அடித்துக்கொண்டும் இருக்கட்டும். அவர்கள் ஓடும்போது பிடித்து இழுக்க உங்கள் கை தயங்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த
உங்கள் தங்கை