தறப்பாள் போடாத கூரை

இன்று காலை வெட்டிய யூகலிப்டஸ் கிளைகளின் வாசம் உன் வீட்டு முற்றத்திலிருந்து வேலி தாண்டி வந்தது. உன் கணவர் உங்கள் யூதர்களின் சுக்கோத் பண்டிகைக்குக் கொட்டில் போடத் தொடங்கிவிட்டார். நீ இல்லாத முதல் சுக்கோத். கையிலிருந்த தேத்தண்ணீர் ஆறும்வரை குசினி யன்னலோடு நின்றேன்.

போன வருடம் இதே வாரம் நாங்கள் இருந்த நிலை உனக்குத் தெரியும். விசா மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டின் முடிவுக்குக் காத்திருந்தோம். அதுவும் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தபால்பெட்டியைத் திறக்கவே பயந்து, அதன் திறப்பை உன்னிடம் தந்திருந்தேன். ஒவ்வொரு பின்னேரமும் நீதான் கடிதங்களை எடுத்து வந்து, "இண்டைக்கும் ஒண்டும் இல்லை" என்பாய். நீ பேசியது ஆங்கிலம்தான். எனக்குள் அது எங்கள் ஊர்த் தமிழாகவே பதிந்திருக்கிறது, என்ன செய்ய.

அந்த நன்றிக்கடனில்தான் அந்தப் பிழையைச் செய்தோம். பண்டிகை தொடங்கும் நாள், நீ கடைக்குப் போயிருந்தாய். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. உன் கொட்டிலின் கூரையோ ஓட்டையும் ஒடிசலுமாக நாலைந்து கிளைகள். "பாவம், மழையில நனையப் போகுதுகள்" என்று என் கணவர் எங்கள் கராஜில் கிடந்த நீலத் தறப்பாளைக் கொண்டுபோய், மேலே விரித்து, நாலு மூலையும் இழுத்துக் கட்டினார். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் தறப்பாளுக்குக் கீழேயே மாதக்கணக்காக வாழ்ந்தவர்கள் நாங்கள். ஒரு சொட்டு ஒழுகாமல் கட்ட எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நீ வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். வானம் மறைந்தால் கொட்டில் செல்லாதாம். கிளைகளுக்கு இடையால் நட்சத்திரம் தெரிய வேண்டுமாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிகளாக நாங்கள் இருவரும் நின்றோம். பொழுது படுமுன் இவர் ஏணி வைத்து ஏறி எல்லாவற்றையும் அவிழ்த்தார்.

அன்று மாலை எங்களையும் உள்ளே இருத்திச் சாப்பாடு தந்தாய். கடவுள் காப்பாற்றுவதை நினைக்கத்தான் இந்தக் கொட்டில் என்றாய். எனக்கு உன்மேல் கோபம் வந்தது. கேட்டும் விட்டேன்: "ஓட்டைக் கூரைக்குக் கீழ இருந்துகொண்டோ கடவுள் காப்பாத்துறார் எண்டு சொல்லுறாய்?"

"கல்வீட்டுக்குள்ள இருந்தால் சுவரைத்தான் நம்புவம்," என்றாய். "எங்கட ஆக்கள் நாப்பது வருஷம் வனாந்தரத்தில இப்பிடித்தான் இருந்தவை. எப்ப போய்ச் சேருவம் எண்டு தெரியாது. கூட ஒருத்தர் வாறார் எண்டது மட்டும் தெரியும்."

"எங்களுக்கு விசா கிடைக்குமோ?"

"அதை நான் சொல்ல ஏலாது. கிடைக்காட்டிலும் அவர் விட்டுட்டுப் போக மாட்டார். அதைச் சொல்லுவன்."

எனக்கு அது போதவில்லை. ஆறுதல் சொல்லத் தெரியாதவள் என்று மனதுக்குள் உன்னைத் திட்டினேன். அப்போது ஒரு மழைத்துளி உன் சூப்புக் கோப்பைக்குள் விழுந்தது. நீ அதையும் சேர்த்துக் கலக்கிக் குடித்தாய்.

உன் வயிற்றில் புற்றுநோய் என்று டொக்டர் சொன்னது அந்த வாரம்தான் என்று, நீ போன பிறகு உன் கணவர் சொல்லித்தான் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு நீ அப்படி இருந்திருக்கிறாய். அதன் பின்னும், கட்டிலில் விழும்வரை, என் கடிதங்களை எடுத்து வந்தாய். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் அழுகை வரும்.

இன்று மத்தியானம் நாங்களும் போய்க் கூரைக்குக் கிளை அடுக்கினோம். இவர் வானத்தைப் பார்த்தார், எங்கள் கராஜைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "வேண்டாம்," என்றேன். உன் கதிரை இருந்த இடத்துக்கு நேர் மேலே கொஞ்சம் கூடுதலாகவே இடைவெளி விட்டேன்.

நீ படுத்த பிறகு மற்றத் திறப்பால் இவர்தான் பெட்டியைப் பார்த்து வந்தார்; முடிவு இன்னும் வரவில்லை. உன் கணவர் எங்கள் தபால்பெட்டித் திறப்பைத் தேடி எடுத்து வைத்திருந்தார். இனித் தானே கடிதங்களை எடுத்துத் தருவதாகச் சொன்னார். நான் திறப்பை வாங்கிக்கொண்டு வந்தேன். பெட்டியை நானே திறந்தேன். உள்ளே ஒரு பீட்சாக் கடை விளம்பரம் மட்டும் கிடந்தது.

இண்டைக்கும் ஒண்டும் இல்லை. நாளைக்கும் நான்தான் திறப்பேன்.