முதல் சாக்குக்கு நடந்தவன்

தேயிலைத் தூள் வாசம் அடிக்கும் ஒரு காகிதம் நான்கு நாளாக என் சட்டைப்பையில் இருக்கிறது. உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த இடத்தில், உன் மகன் உன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, “இது என்ன மாமா?” என்று எடுத்துக் கையில் கொடுத்தான். சாஃப்ட்பால் விதிகள் இருந்த எஸ்டேட் ஆபீஸ் தாள். டைப் அடித்த இங்கிலீஷ் வரிகளுக்கு இடையே உன் பென்சில் தமிழ். கட்டையில் போகிற வயதில் எனக்கு இது தேவையா, நீயே சொல்லு.

எழுபதுகளில் நம் உதவி மேனேஜர் சின்ன துரை எங்கோ பார்த்துவிட்டு வந்து நம் தலையில் கட்டிய ஆட்டம் அந்த சாஃப்ட்பால். வண்டிப்பெரியாருக்கு மேலே, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு கொழுந்துச் சாக்குகளைப் பரப்பி ஆடினோம். பந்தைக் கையைத் தாழ்த்தி, தலைக்கு மேலே வளைந்து போகும்படி மெதுவாகப் போட வேண்டும். அடிக்கிறவன் அடித்துவிட்டுச் சாக்குச் சாக்காக ஓட வேண்டும். நான்கு பந்து தப்பாகப் போனால் அவன் அடிக்காமலே முதல் சாக்குக்கு நடந்து போய்விடலாம். பந்து போட நான். பத்தாவது வரை படித்து, இங்கிலீஷை எழுத்துக் கூட்டத் தெரிந்த பாவத்துக்கு நீ அம்பயர்.

அந்தத் தாளில் ஒரே ஒரு விதி நம்மைப் பாடாய்ப் படுத்தியது. எதிரில் பெரிய அடிகாரன் வந்தால், பந்தே போடாமல் அம்பயரிடம் சொல்லிவிட்டு அவனை முதல் சாக்குக்கு அனுப்பிவிடலாம். சரி, யார் சொல்வது? எஸ்டேட்டில் தொழிலாளி எதையும் நேரே சொன்னதில்லை. நமக்குக் காய்ச்சல் என்றாலும் அது கங்காணி வாயால்தான் ஆபீசுக்குப் போகும். சூப்பர்வைசர் என்று பேர் மாறியும் அவரை நாம் கங்காணி என்றுதானே கூப்பிட்டோம். அவர்தான் நம் கேப்டனும். அதனால் அவர் சொன்னால் போதும் என்றே ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள். சாக்குப் பக்கம் நின்ற இன்னொரு அம்பயர், ஆபீஸ் கிளார்க், அவரும் அதே கட்சி.

“கேப்டன் சொன்னா டீமே சொன்ன மாதிரிதானய்யா. இதுல என்ன சட்டம் பேசுத?”

“இல்ல சார். பந்து போடுதவன் சொல்லணும்னு போட்டிருக்கு. ஆட்டத்துல ஏது சார் கங்காணி?” என்றாய் நீ. எனக்குச் சிரிப்பு வந்தது. “ஏலே, ஒன் வாயி ஒன்னைய சும்மா விடாதுலே” என்றேன். பார், யார் வாய் யாரைச் சும்மா விடவில்லை என்று!

ராசையாவை உனக்கு நினைவுபடுத்தத் தேவையில்லை. தற்காலிக வேலைக்காரன். ஏழு மாதக் கர்ப்பிணியான பெண்டாட்டியோடு மச்சினன் வீட்டில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் ஒற்றை அறையில், நடுவே சேலையைத் திரையாகக் கட்டிக் குடியிருந்தான். நிரந்தர ஆட்களின் பதிவேடான செக்ரோலில் பேர் ஏறினால்தான் தனி வீடு. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பார்த்து, எஸ்டேட் டீமுக்கு இன்னும் ஒரே ஆளை எடுக்கப்போவதாகவும், எடுக்கிறவனை நிரந்தரம் ஆக்குவதாகவும் சின்ன துரை சொல்லியிருந்தார். கங்காணிக்கோ அந்த இடம் தன் தங்கச்சி மகனுக்கு வேண்டும். போதாததற்கு, பெரட்டில் எல்லோர் முன்னாலும் அவரை எதிர்த்துக் கேள்வி கேட்டவன் ராசையா.

அன்றைக்கு மழை கறுத்துக்கொண்டு வந்ததால் ஆட்டத்தைக் குறைத்தார்கள். ராசையா எதிர் டீம். முதல் முறை அவன் அடித்ததை நம் ஆள் ஒருவன் பிடித்துவிட்டான். இந்த இரண்டாவது முறைதான் அவனுக்குக் கடைசி வாய்ப்பு. அவன் பேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவன் பெண்டாட்டி களத்து ஓரக் கல்லிலிருந்து எழுந்து நின்றாள். எனக்குப் பின்னாலிருந்து கங்காணி சத்தம் கொடுத்தார். “அம்பயரு! அவன நடக்க விடு.”

கிளார்க் உடனே கையைத் தூக்கினார். நீ தூக்கவில்லை. நேரே என்னிடம் நடந்து வந்தாய். கங்காணிக்கும் நம் ஆட்களுக்கும் என் முதுகுதான் தெரிந்தது. எதிர்ப்பக்கம் நின்ற கூட்டத்துக்கு நீ என்னை மறைத்தாய்.

“என்னலே, நீ சொல்லுதியா? நீ சொன்னாத்தான் கணக்கு. போடுதேன்னா போடு. எவனும் தடுக்க முடியாது.”

போடத்தான் ஆசை, சத்தியமாக. ஆனால் என் வீட்டுக்காரி பிள்ளை பெற்று அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். நடுவில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுப் போகும்படி கங்காணி அவளுக்குக் வீட்டுக்குப் பக்கத்துக் கீழ்க்காட்டில் கொழுந்து பறிக்க நிரை கொடுத்திருந்தார். நான் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் மறுநாளே அவள் மேல்மலைக்கு ஏற வேண்டும். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“வாயத் தொறந்து சொல்லுலே.”

மறுபடியும் தலையைத்தான் ஆட்டினேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு திரும்பி, முதல் சாக்கைக் கை காட்டினாய்.

ராசையா பேட்டைத் தரையில் வைத்துவிட்டு நடந்தான். ஓடுகிற ஆட்டத்தில் ஒருவன் அவ்வளவு மெதுவாக நடந்து நான் பார்த்ததில்லை. துரை கங்காணியின் தங்கச்சி மகனை எடுத்தார். அடுத்த மாதமே ராசையா பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஒரு மூட்டையோடு குமுளி வழியாகக் கம்பத்துக்கு இறங்கிவிட்டான். அந்தப் பிள்ளை எங்கே, எப்படிப் பிறந்ததோ.

உனக்குக் ‘கங்காணி அம்பயர்’ என்று பேர் வைத்தார்கள். டீக்கடையில், குழாயடியில், உன் கல்யாணப் பந்தலில்கூடக் கிண்டல். நீ மறுபடி அம்பயராக நிற்கவே இல்லை. ஒருநாள் ஃபேக்டரி மாடியில் கொழுந்து உலர்த்திக்கொண்டிருந்தபோது கேட்டேன், “ஏம்லே, நாந்தான் தலையாட்டுனேன்னு சொல்லலாம்லா?”

“நீயா சொன்னா அது நெசம். நான் சொன்னா கோளு” என்றாய். அவ்வளவுதான். அப்புறம் நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வெட்கம்கெட்டு உன் வீட்டில் எத்தனை தீபாவளி சாப்பிட்டிருக்கிறேன்!

இப்போது இந்தத் தாள். அந்த விதிக்குப் பக்கத்தில் பழைய பென்சிலில், ‘பந்து போடுகிறவன் சொல்ல வேண்டும்’. அதற்குக் கீழே நீல மை. உன் கை நடுங்க ஆரம்பித்த பிறகு எழுதிய எழுத்து. ‘தலையாட்டினால் போதுமா?’ நான் என் பயத்தை மட்டும் நினைத்துக் கொண்டிருந்தேன். நீயோ இத்தனை வருஷம் தீர்ப்பு உன்னுடைய தப்பா என்று உன்னையே கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாய். என்னைத் திட்டி நாலு வரி எழுதியிருக்கக் கூடாதா, படுபாவி? தாங்கியிருப்பேனே.

இதையும் சொல்லிவிடுகிறேன். காரியத்தன்று உன் வீட்டில் பந்தி நடந்துகொண்டிருந்தது. உன் மகன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். “மாமா, அப்பா கங்காணிக்குப் பயந்துதான் ராசையாவை நடக்க விட்டாகன்னு ஊருல சொல்லுதாக. நெசமா?”

கங்காணி செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. என் வீட்டுக்காரியும் போய்விட்டாள். மேல்மலைக்கு அனுப்ப இனி யாரும் இல்லை. ஆனாலும் சொந்தக்காரர்கள் சுற்றி இருந்தார்கள், உன் மகன் என் வாயையே பார்த்தான், என் தலை மேலும் கீழும் ஆடியது. அவன் முகம் செத்துப்போனது. “இந்தத் தாள நீங்களே வச்சுக்கோங்க மாமா” என்று சொல்லிவிட்டு, பந்தி பரிமாற உள்ளே போனான்.

உன் கேள்விக்குக் கீழே, ‘போதாது’ என்று இன்று எழுதினேன். எழுதுவதும் வாய் திறந்து சொல்வது ஆகாது என்று எனக்குத் தெரியும்.