கள்ளனுக்கு என்ர மனுசன்ர முகம்

என்ர அன்பான அண்ணாவுக்கு,

நீங்க செத்த முப்பத்தொண்டாம் நாள் சடங்கும் முடிஞ்சு ஆக்களெல்லாம் போயிட்டாங்க. நீங்க நடத்தின மாதப் பத்திரிகையைப் பற்றிக் கதைக்காமல் ஒருத்தரும் சாப்பிட்டு எழும்பல்ல. எல்லாருக்கும் அந்த ஒரு அட்டைப்படம்தான் ஞாபகம். அழுதுகொண்டு வந்த மாமி கூடச் சிரிச்சுக்கொண்டுதான் போனா.

என்னண்டு சிரிக்காமல் இருக்கிறது அண்ணா? கோயில்ல அம்மன்ர தங்கமாலை காணாமல் போச்சு. அங்க விளக்குத் துடைக்கிற தவராசாவைப் பொலிஸ் பிடிச்சது. அவனை அட்டையில போடுறதெண்டு நீங்க ஒற்றைக்கால்ல நிண்டீங்க. கெமராவுக்குப் பிலிம் இல்ல, அவன்ர முகத்தை நீங்க கண்டதுமில்ல. அதுக்கு என்ர மனுசனைக் கூப்பிட்டு, "மச்சான், கொஞ்சம் முறைச்சுப் பாருங்க" எண்டு இருத்திவைச்சுப் படம் கீறினீங்க. அவர் பாவம், திருவிழா மலருக்கெண்டு நினைச்சுத் தலைக்கு எண்ணெய் வைச்சு வந்து இருந்தார்.

"அம்மன் மாலையைத் திருடியது இவரா?" எண்டு கொட்டை எழுத்து. கேள்விக்குறி மட்டும் எறும்பளவு.

ஊர் ரெண்டாப் பிரிஞ்சுது. "கள்ளனைச் சாமிப்படம் மாதிரி அட்டையில போடுறதா?" எண்டு ஒரு பகுதி. "வழக்கு முடிய முதல் நீ ஆரு தீர்ப்புச் சொல்ல?" எண்டு மற்றப் பகுதி. ரெண்டு பகுதியும் சண்டை பிடிக்கிறதுக்காகவே ஆளுக்கொண்டு வாங்கிச்சு. அடிச்ச பிரதியெல்லாம் ஒரே நாளில முடிஞ்சுது.

அதுக்குப் பிறகு என்ர மனுசன் பஸ்ஸில ஏறினால் பொம்பிளையள் தாலியைப் பொத்திப் பிடிச்சாங்க. முகத்தை மறைக்கத் தாடி வளர்த்தார். தாடியோட பார்த்தவங்க, "ஆள் தலைமறைவாத் திரியிறான்" எண்டாங்க.

கல்லடிப் பாலத்துச் சென்றியில, சோதனைக்கு நிண்ட ஆமிக்காரன் ஆரோ ஒருத்தர்ர பையில இருந்த பத்திரிகையை எடுத்துப் பார்த்திட்டு, "இது நீதானே?" எண்டு கேட்டானாம். பொய் சொல்லத் தெரியாத மனுசன், "ஓம், நான்தான். ஆனா நான் இல்ல" எண்டிருக்கிறார். முகம் ஒத்துப்போனாலே ஆள் வீடு திரும்பாத காலம் இது. நான் உங்களிட்ட ஓடி வந்து சொன்னன். நீங்க சேட்டும் போடாமல் சைக்கிள்ல பறந்தீங்க.

"நீ கீறினதா? அப்ப என்னையும் கீறு" எண்டானாம் அங்க இருந்த ஆமிப் பெரியவன். நீங்க அவசரத்தில கீறினதில அவன்ர மீசை ஒரு பக்கம் ஏறிப்போச்சு. அவன் பார்த்துச் சிரிச்சதில இவர் வீடு வந்து சேர்ந்தார். வந்தும் உங்களோட முகம் குடுத்துக் கதைக்கல்ல. "உன்ர அண்ணன் இனி என்ர செத்தவீட்டுக்கும் படம் கீறக்கூடாது" எண்டார். நீங்கதான் முந்திக்கொண்டீங்க.

பிணையில வந்த தவராசாவும் நேர உங்களிட்டத்தான் வந்தான். அடிக்கப்போறான் எண்டு நான் கதவைச் சாத்தினன். அவனோ, "அண்ணை, உங்கட புண்ணியத்தில என்னை ஒருத்தருக்கும் அடையாளம் தெரியல்ல" எண்டு கும்பிட்டான்.

கடைசியில மாலை எங்க கிடந்தது? வாகன அறையில, மர யாளியின்ர வாய்க்குள்ள. தவராசாவை விட்டாங்க. அடுத்த அட்டையில அவன்ர சொந்த முகத்தைக் கீறி, "இவர் கள்ளன் இல்லை" எண்டு போட்டீங்க. ஒருத்தரும் வாங்கல்ல. "இதில என்ன புதினம் கிடக்கு?" எண்டு கடைக்காரர் கட்டோட திருப்பி அனுப்பினார். அண்டைக்கு நீங்க சாப்பிடல்ல. ஏன் அண்ணா, நல்ல செய்தியை மட்டும் சனம் ஏன் தொடுறதில்ல?

இப்ப தவராசாவின்ர தங்கச்சிக்குக் களுவாஞ்சிக்குடியில சம்பந்தம் பேசி இருக்கு. மாப்பிள்ளை வீட்டார் இழுத்தடிக்கிறாங்க. அவங்களுக்கு முதல் அட்டைதான் ஞாபகம், அதில இருக்கிற கள்ளன் பொம்பிளையின்ர அண்ணனாம்.

நேற்று அதைக் கேட்ட என்ர மனுசன் எழும்பிப்போய்த் தாடியை வழிச்சிட்டு வந்தார். "நானே வாறன். அந்த முகம் என்ர, தவராசாவின்ர இல்ல எண்டு அவங்கட விறாந்தையில நிண்டு சொல்றன்" எண்டார். "என்ர அண்ணனுக்காகவா?" எண்டு கேட்டன். சேட்டை ஸ்திரி போடச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை போறம் அண்ணா. அவங்க சம்மதமெண்டு வெற்றிலைத் தட்டை முன்னுக்கு வைக்கிறவரைக்கும் நான் அந்த விறாந்தையை விட்டு எழும்பமாட்டன். இது சத்தியம்.

உங்கட ஒரே தங்கச்சி,
அட்டைப்படக் கள்ளன்ர பெண்சாதி