சிக்காத பிரதி

அன்பு மகளே,

உன் அப்பாவின் மாட்டுமந்தைப் பட டிஸ்க்குக்கு வீட்டிலேயே பிரதி எடுத்துவிட்டேன். படத்தைச் சுருக்கினால், "புல்லெல்லாம் கஞ்சியா இருக்கு"ன்னு கண்டுபிடித்துவிடுவார். அதனால் துளியும் சுருக்காமல் புது டிஸ்க்கில் முழுசாக எழுதினேன். அசலைப் போலவே தெளிவு, கீறல் மட்டும் இல்லை.

பக்கவாதம் வந்ததிலிருந்து காலையும் மாலையும் அவருக்கு இந்தப் படம்தான். மந்தை ஆற்றில் இறங்கும்போது பழைய டிஸ்க் கீறலில் சிக்கிக்கொள்ளும். "எங்க போய்த் தொலைஞ்சே? மாடெல்லாம் தண்ணியில நிக்குது, வந்து டிஸ்க்கைத் தொடைச்சு விடு!" என்று கத்துவார். கோழிக்குத் தீனி போடப் போனாலும் படத்தில் ஆறு வருவதற்குள் நான் திரும்பிவிட வேண்டும்.

நேற்று புதியதைப் போட்டேன். எங்கும் சிக்கவில்லை. நான் வேலிக்கதவு வரை போனேன். நம் யூட் பிக்கப் வண்டியின் சாவி கையில் இருந்தது. பிரோக்கன் ஹில் ஊருக்குப் போகும் சாலையில் ஒரு வண்டிகூட இல்லை. அப்படியே நின்றேன்.

திரும்பி வந்தபோது அழுதுகொண்டிருந்தார்.

"மாடெல்லாம் கரையேறிடுச்சு. நீ வரவே இல்லையே."

பழைய டிஸ்க்கையே மறுபடி போட்டுவிட்டேன். நல்ல பிரதியை இத்துடன் அனுப்புகிறேன். பெர்த்தில் உன் வீட்டில் அது ஓடுகிறதா என்று பார். ஓடினால், உன் சோபாவில் அவருக்கு இடம் இருக்குமா என்றும் பார்.

ஆறு வந்துவிட்டது. கூப்பிடுகிறார்.

அம்மா