கட்டிலுக்கடியில் கடற்படைக்காரன்

ஜூன் 10, 2025. செவ்வாய்

பெருநாள் விருந்தாளிகள் இன்னும் ஓயவில்லை. காலையிலிருந்து மூன்று பேர். மூவரும் மாமியாருக்கு சலாம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிக் கேட்டது ஒன்றுதான், வெளிநாட்டுக்கு எப்போது கிளம்புகிறாய் என்று: "எப்ப சபரு மாப்புளே?"

கல்யாணமாகி எட்டு மாதம். பெண்டாட்டி வீட்டில் பகல் முழுக்க உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை இந்தத் தெருவில் நான் ஒருவன்தான். மற்றவனெல்லாம் துபாய், கத்தார். என் மனைவி ஹஃப்ஸாவின் அண்ணன் தமீம் அன்சாரி தோஹாவில் எனக்கு வேலை பார்த்து வைத்திருக்கிறான். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

சென்னை கம்பெனி இன்று பரீட்சைப் படத்தை அனுப்பிவிட்டது. ஒரு முழுப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில். தேறினால் வீட்டிலிருந்தே நிரந்தர வேலை, எங்கும் போக வேண்டாம். தேறாவிட்டால் விமானம். 1943-இல் வந்த அமெரிக்கப் படம். பாட்டும் ஆட்டமுமாகக் காமெடி. இ.சி.இ. படித்தவனுக்கு இதுதானா.

ஜூன் 12, வியாழன்

பார்த்து முடித்தேன். முதலில் மேடை நாடகமாம், அப்படியே தூக்கிப் படமாக்கியிருக்கிறார்கள். தெரிகிறது. முக்கால்வாசி ஒரே ஹோட்டல் அறை, ஒரே கதவு. உலகப் போர் நேரம். கடற்படைக்காரனுக்கு மூன்று நாள் லீவு. கல்யாணத்தை முடித்து மனைவியோடு அறைக்கு வருகிறான். ஊரில் வேறு அறையே காலி இல்லை. கதவைச் சாத்தினால் யாராவது தட்டுகிறார்கள் — அவளுடைய அம்மா, ஒரு கர்னல், டிரம்பெட்டோடு நான்கு பேர். கடைசியில் அறைக்குள் எட்டு பேர். எல்லோரும் பாடுகிறார்கள். சண்டைக்குப் போகிறவன் எதற்குப் பாடுகிறான்?

ஒவ்வொரு ஜோக்குக்குப் பிறகும் நடிகர்கள் சும்மா நிற்கிறார்கள். மேடைப் பழக்கம் — எதிரே இருப்பவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்று. இந்த அறையில் யார் சிரிப்பது?

ஜூன் 15, ஞாயிறு

வரிகள் திரையில் வந்து போகும் டைமிங் பக்கா. தமிழ்தான் செத்துக் கிடக்கிறது. கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கும் மருமகனை மாமியார் குனிந்து பார்த்து, இங்கே என்ன செய்கிறாய் என்கிறாள். "என் சட்டைப் பொத்தானைத் தேடுகிறேன்." மூலத்திலும் அதுதான். தப்பில்லை. சிரிப்பும் இல்லை.

டீ கொண்டுவந்த ஹஃப்ஸா பின்னால் நின்று படித்தாள்.

"இது என்ன மச்சான், ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்த வாக்குமூலமா?"

"நீ எழுது பாப்பம்."

நின்றபடியே தட்டினாள்: "சும்மா காத்தாட படுத்திருக்கேன் மாமி."

சிரித்துவிட்டேன். வெளியே மாமி கதவைத் தட்டினார். "பட்டப்பகல்ல என்ன சிரிப்பு?"

"உம்மா, இந்தப் படத்துல நீங்களும் வர்றீங்க," என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

சண்டை. கப்பல் எப்போது ஏறுகிறாய் என்று கர்னல் கேட்கும் இடத்தில், இப்போது வசனம் எழுதும் ஹஃப்ஸா "எப்ப சபரு?" என்று போட்டிருக்கிறாள்.

"காரைக்காலத் தாண்டினா இது எவனுக்குப் புரியும்? பயணம்னு போடு."

"பயணம்னா ஊட்டிக்கும்தான் போவாங்க."

பயணம் என்றே மாற்றினேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அது இன்னும் மோசம்.

ஜூன் 18, புதன்

கரண்ட் இல்லை. நாள் வீண்.

ஜூன் 21, சனி

அனுப்பியாயிற்று. வசனம் முழுக்க அவளுடையது, பாட்டு உட்பட. நான் வெட்டினேன், ஒட்டினேன், வரி நீளமாகப் போனால் கத்தினேன். கடைசிப் பாட்டில் அழுதாள். காமெடிப் படத்தில் எதற்கு அழுகை என்று கேட்டேன்.

"பாடிக்கிட்டே போறான். அதுக்காக, போவலன்னு ஆயிடுமா?"



ஜூன் 26, வியாழன்

கம்பெனியில் தமிழ்ப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பங்கஜவல்லி மேடம் கூப்பிட்டார்.

"டைமிங் நல்லாருக்குங்க. ஆனா அதை இப்ப சாஃப்ட்வேரே பண்ணிடுது. எங்களுக்கு வேண்டியது இந்தத் தமிழ்தான். ஆபீஸே சிரிச்சுது. எப்படிங்க எழுதுனீங்க?"

"நான் எழுதல மேடம். என் வைஃப் எழுதுனாங்க."

ஏன் சொன்னேன்? கேட்டார், சொன்னேன். வேறென்ன சொல்வது — நான்தான் என்றா? அடுத்த படத்தில் மாட்டிக்கொள்வேன்.

மேடம் கேட்டார்: "அவங்ககிட்ட பேசலாமா?"

போனை ஹஃப்ஸாவிடம் கொடுத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போனேன். இருப்பது ஒரே ஒரு வேலை. அது அவளுக்கு.

ஜூன் 28, சனி

மாமிக்கு சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. மத்தியானம் மீன் பரிமாறிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "தமீமுக்கு என்ன சொல்லட்டும் மாப்புளே?"

இருட்டிய பிறகு ஹஃப்ஸா சொன்னாள்: "போவாதீங்க மச்சான். நம்ம ரெண்டு பேருக்கும் இது போதும்."

"இங்க இருந்து, என்னவா இருக்கறது?"

"எம் புருஷனா இருங்க."

"அது ஒரு வேலையா?"

சொல்லியிருக்க வேண்டாம். வாயில் வந்துவிட்டது. அவள் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஜூன் 30, திங்கள்

வருகிறேன் என்று தமீமுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி. தோஹா

வாரம் முழுக்க ஏணியில் நின்று சிசிடிவி கேமரா மாட்டியதில் கழுத்து திரும்பவில்லை. ஜும்மா முடிந்து வந்து படுத்தேன். அறையில் இருக்கும் மற்ற ஐந்து பேரும் தூங்கிவிட்டார்கள்.

ஹஃப்ஸா கூப்பிட்டாள். மூன்றாவது படமாம். வசனம் எல்லாம் அரை விநாடி முந்தி வருகிறது, எப்படித் தள்ளுவது என்றாள். சொன்னேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம்?" என்றேன்.

"இருங்க மச்சான், இந்த எடத்த முடிச்சிடறேன். வச்சிடாதீங்க."

போனைக் காதில் வைத்தபடி படுத்திருந்தேன். கீபோர்டு சத்தம். தூரத்தில் மாமி யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். நடுவில் எதற்கோ ஹஃப்ஸா தானாகச் சிரித்தாள். என்னவென்று நான் கேட்கவில்லை. போனை வைக்கவும் இல்லை.