என் பெயரில் ஒரு செவலை

பிப்ரவரி 7, சனி

காலையில் பனி, எட்டு மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். இன்று செய்ய வேண்டியவை: ராசிபுரம் பட்டுச்சேலைக் கடைக்கு ரெண்டு ரீல்ஸ். ஹெட்போனுக்குப் பஞ்சு. செவலை.

செவலையைப் பார்த்துவிட்டேன். தொட்டுவிட்டேன். ஓட்டியும் விட்டேன்!!!

முதலிலிருந்து எழுதுகிறேன், இல்லையென்றால் பிறகு எனக்கே புரியாது. கொண்டப்பநாயக்கன்பட்டி, ஏற்காடு மலை ரோடு ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் பழைய கார் விற்கும் கடை. ஓனர் குமரேசன், இனிமேல் கு. மல்லசமுத்திரத்திலிருந்து ரெண்டு பஸ். துணைக்கு அப்பா. கடைசி வரிசையில், ஒரு வேனுக்குப் பின்னால் நின்றது. கம்பெனியே தயாரிப்பை நிறுத்திவிட்ட டீசல் மாடல். ப்ளஸ் டூவிலிருந்து என் போன் வால்பேப்பர். இந்த மாடலுக்கென்றே ஆன்லைனில் ஒரு ரசிகர் குரூப், அதில் நானும் ஒரு அட்மின். நிறம் அப்படியே எங்கள் வீட்டுச் செவலை மாடு. பெயர் அங்கேயே வைத்தாயிற்று.

கு. பேசியது முழுக்க அப்பாவிடம்.

"மைலேஜ் இருவத்திரண்டு குடுக்குமுங்க சார்."

"எனக்கு டிராக்டர்தானுங்க தெரியும். பாப்பாவக் கேளுங்க."

"பாப்பாவும் ஓட்டுமுங்களா?"

"பாப்பாதானுங்க வாங்குது."

அதற்குப் பிறகும் அப்பாவைப் பார்த்தே பேசினார். கழுத்து அந்தப் பக்கமே செட் ஆகிவிட்டது போல.

பானட்டில் கை வைத்தேன். சூடு. நான் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார். குரூப்பில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டு சொல்வது இதுதான்: ஆறிய இன்ஜினை நீயே ஸ்டார்ட் பண்ணு, அப்போதுதான் கோளாறு தெரியும்.

"ஆறட்டுமுங்கண்ணா. நாங்க டீ குடிச்சுட்டு வாரோம்."

முதல் முறையாக என்னைப் பார்த்தார்.

டீ, தேங்காய் பன். திரும்பி வந்து கதவு ரப்பரை உரித்துப் பார்த்தேன், வெல்டிங் புள்ளிகள் எல்லாம் கம்பெனியில் வைத்தபடியே. அடிபட்ட வண்டி இல்லை. டயர் நாலும் ஒரே வருஷம். ஸ்டார்ட் பண்ணினேன். ரெண்டாவது தடவைதான் பிடித்தது. (குறித்துக்கொண்டேன்.) புகை இல்லை.

பிறகு மலை ரோடு. முதல் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மறுபடி எடுத்தேன். கிளட்ச் ரொம்ப மேலே வந்துதான் பிடிக்கிறது. பக்கத்தில் கு. கதவு மேலே இருக்கும் பிடியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

"கிளட்ச் பிளேட் போச்சுங்கண்ணா."

"நீ மெக்கானிக்கா சாமி?"

"இல்லீங்க. வீடியோ பாத்துக் கத்துக்கிட்டது."

"வீடியோ பாத்தா!"

பின் சீட்டில் அப்பா மீசைக்குள் சிரித்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

பிப்ரவரி 8

ஞாயிறு. கறிக்குழம்பு. மத்தியானம் முழுக்க குரூப்பில். செவலை போட்டோவுக்கு வந்த இதயங்களை எண்ணவே முடியவில்லை. மதுரைக்காரர் ஒருத்தர், "தங்கச்சி, நீ வாங்கலேன்னா நான் பஸ் ஏறுறேன்" என்று மிரட்டுகிறார்.

கு. போட்ட விளம்பரத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். காருக்குப் பின்னால் கேட்டில் வாழைக்கன்று. ஆயுத பூஜைக்குக் கட்டியது! அப்படியென்றால் வண்டி அங்கே மாசக்கணக்கில் நிற்கிறது. பேட்டரி படுத்திருக்கும். அதனால்தான் முன்னாலேயே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார். துப்பறியும் மேகலா!

அம்மாவுக்குக் கவலை. "பொம்பளப் புள்ள பேர்ல கடனா? அப்பா பேர்ல போட்டுக்கோயேன்."

மாட்டேன். எனக்கே தெளிவாக இருக்கட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன். லோன் என் பெயரில். ஆர்.சி. என் பெயரில். அப்பாவின் காட்டுச் சிட்டாவை (எங்கள் நிலத்துக்கான தாள்) இழுக்கக் கூடாது. அந்தக் காடு எல்லாக் கடனுக்கும் அடமானமாகப் போய் நின்று, இந்தப் பொங்கலுக்குத்தான் மீண்டு வந்தது. நான் வீடியோ எடிட் பண்ணுவதை ஊரில் எல்லோரும் "போன் நோண்டுறது" என்கிறார்கள். போன் நோண்டி ஒன்றரை லட்சம் சேர்த்திருக்கிறேன். மீதியைக் கடன் கொடுக்க ஒரு ஃபைனான்ஸ் என் வேலையை வேலை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். அவ்வளவும்தான்.

பிப்ரவரி 9, திங்கள்

பேரம் முடிந்தது.

கு.: "நாலு லட்சத்துப் பத்து. ஒரு ரூவா கொறையாதுங்க சார்."

போனை நீட்டினேன். "ஏனுங்கண்ணா, இந்தப் போட்டோவுல வாழைக்கன்னு கட்டியிருக்குதே. ஆயுத பூஜைங்களா?"

போட்டோவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"அப்பப் புடிச்சு இங்கயேதான் நிக்குதுங்க. பேட்டரி மாத்தோணும். கிளட்ச் மாத்தோணும். மூணு அறுவதுங்க."

"சார், பொண்ணப் போலீசுக்கா படிக்க வெச்சீங்க?"

"நான் ஒண்ணும் வெக்கலீங்க, அதுவாப் படிச்சுக்கிட்டது."

டீ வந்தது. அவர் மூணு தொண்ணூறு. நான் எழுந்தேன். மூணு எண்பது. செருப்பைப் போட்டேன். மூணு எழுபது. கேட் வரை நடந்தேன். அப்பாவுக்கு நிஜமாகவே கிளம்புகிறோமா என்று குழப்பம், குடையை எடுக்க உள்ளே போய்விட்டார். அந்தக் கேப்பில் கு. "மூணு அறுவத்தஞ்சு, வா சாமி, வந்து உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். கிளட்சும் பேட்டரியும் அவரே மாற்றிக் கொடுப்பது என்று பேச்சு.

அடுத்து ஃபைனான்ஸ். "ஒம்பது பர்சென்டுதான், எங்கயும் கெடைக்காது."

"ஃபிளாட்டுங்களா, கொறையுற பாக்கிக்குங்களா?"

ஃபிளாட்டாம். ஃபிளாட் ஒன்பது என்றால் கட்டிக் குறைத்த பணத்துக்கும் சேர்த்து வட்டி, கணக்குப் போட்டால் பதினேழு பக்கம் வரும். போனில் போட்டே காட்டினேன். கடைசியில் இன்னொரு கம்பெனி, குறையும் பாக்கிக்குப் பதின்மூன்று. கு. முகத்தில் கமிஷன் குறைந்த சோகம்.

"சம்பளச் சீட்டு?"

"இல்லீங்க. பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்குது. பில் எல்லாம் இருக்குது."

"போன்ல வர்ற காசுக்கெல்லாம் லோன் தர மாட்டாங்க சாமி. அப்பா சிட்டா ஒண்ணு போதும், நாளைக்கே வண்டிய எடுத்துக்கலாம்."

"போட்டுப் பாருங்கண்ணா. என் பேர்ல."

போட்டாயிற்று. வீட்டுக்கு ஆள் வந்து விசாரிப்பார்களாம்.

பிப்ரவரி 11

ராசிபுரம். கடையில் புது டிசைன் சேலை ஷூட்டிங். அம்மாவும் அப்பாவும் காட்டில், குச்சிக்கிழங்கு (மரவள்ளி) பிடுங்க ஆள் வந்திருக்கிறது. பதினோரு மணிக்கு ஃபைனான்ஸ் ஆள் போன் பண்ணினார். "வீடு பூட்டியிருக்குதுங்க மேடம்."

"எதிர் வீட்டுல சரோஜாக்கா இருப்பாங்க, என்ன வேணாலும் கேட்டுக்கோங்க. அவங்களுக்கு என்னைப் பத்தி எல்லாம் தெரியும்."

பெருமையாக வேறு சொன்னேன்.

ஷூட்டிங் சூப்பர். கடைக்காரர் பணத்தை உடனே போட்டுவிட்டார். பஸ்ஸில் ஜன்னல் சீட். சீட் கவர் என்ன கலர் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கறுப்பா, பழுப்பா.

பிப்ரவரி 12

லோன் இல்லை.

கு. போன் பண்ணியது அப்பாவுக்கு. "பாப்பா பேர்ல வரலீங்க சார். உங்க பேர்ல போட்டுருவோமுங்களா?" குரலில் பாயசம். அப்பா போனை என்னிடம் கொடுத்தார்.

ஃபைனான்ஸ் ஆபீசுக்கு நானே பேசினேன். ரிப்போர்ட்டை வாசித்துக் காட்டினார்கள். "விண்ணப்பதாரருக்கு வேலை இல்லை. வருமானம் இல்லை. வெளியே செல்வதில்லை. செல்போன் பயன்படுத்துவதில்லை."

செல்போன் பயன்படுத்துவதில்லை!! நான்!!!

சாப்பிடவில்லை. குரூப்பில் யாருக்கும் சொல்லவில்லை. சாயந்திரம் சரோஜாக்கா வந்தார், கை நிறைய மல்லிகைப்பூ, முகம் முழுக்கச் சிரிப்பு. அம்மாவைக் கூப்பிட்டு ரகசியம் போல,

"நேத்து ஒரு பையன் வந்து அம்மிணியப் பத்தி விசாரிச்சுட்டுப் போனாப்படி. நான் ஒரு கொறையும் வெக்கலீங்க. நல்ல சேதி வரும் பாருங்க."

"என்ன கேட்டாப்படி?" என்றார் அம்மா.

"பொண்ணு எப்பிடி, என்ன பண்ணுது, சொந்த ஊடா, எத்தன வருசமா இங்க இருக்கறீங்க... எல்லாம் மாப்ள ஊட்டுக்காரங்க கேக்கறதுதான். மோர் குடுத்தேன். மாப்ள என்ன பண்றாருன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. நாமளாக் கேட்டா அலையறோம்னு நெனப்பாங்கன்னு உட்டுட்டேன்."

"நீங்க என்ன சொன்னீங்கக்கா?" நான்.

"தங்கமான புள்ள, ஊட்ட உட்டு வெளிய போவாது. சம்பாரிச்சுத் திங்கோணும்னு விதியில்ல. போனத் தொடவே தொடாது. குனிஞ்ச தல நிமுராது."

அப்பாவுக்குத்தான் முதலில் புரிந்தது. சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை, இருமல் வந்து அம்மா முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. விஷயத்தைச் சொன்னதும் அக்கா முகம் தொங்கிவிட்டது.

"நான் உனக்கு நல்லதுதான அம்மிணி சொன்னேன்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் நல்லது என்று அடுக்கியதில் ஒன்றுகூட நான் இல்லை. நான் பெருமைப்படுகிற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழித்துத்தான் நல்ல பிள்ளை ஆக்கியிருக்கிறார். அதுவும் பாசத்தில். திட்டவும் முடியவில்லை. அக்கா பூவை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அப்பா உள்ளே போய்ச் சிட்டாவை எடுத்து வந்தார். பிளாஸ்டிக் கவரோடு.

"போட்டுரலாமா சாமி? வண்டி வேற யாராச்சும் எடுத்துட்டாங்கன்னா?"

மதுரைக்காரர் நினைவுக்கு வந்தார். சரி என்று வாய் வரை வந்தது, உண்மையாகவே வந்தது.

"வேண்டாம்ப்பா."

இன்னொரு தடவை கேட்கவில்லை. கொண்டுபோய் வைத்துவிட்டார்.

பிப்ரவரி 13

வெயில் கொளுத்துகிறது. காலையிலேயே ஃபைனான்ஸ் மேனேஜருக்கு போன். வந்தது பெண் பார்க்க என்று எதிர் வீட்டில் நினைத்துவிட்டார்கள் என்றேன். அந்தப் பக்கம் ஆபீசே சிரிக்கும் சத்தம். மறுபடி ஆள் அனுப்புகிறார்களாம். ஆனால் அதே ரூல்: அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், நான் பக்கத்தில் நிற்கக் கூடாது.

எதிர் வீட்டுக் கதவு சாத்தியே இருக்கிறது.

கு.வுக்கும் பேசினேன். திங்கள் வரை நிறுத்தி வைக்கிறாராம். "உனக்காக இல்ல சாமி. வேற யாரும் இப்பிடிக் கேள்வி கேட்டு வாங்க வரல." நக்கலா, பாராட்டா? பாராட்டு என்றே எழுதிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 14, சனி

போன தடவை வந்த அதே ஃபைனான்ஸ் பையன், கையில் ஹெல்மெட். முதலில் எங்கள் வீட்டில் என் கம்ப்யூட்டர், ஸ்டேட்மென்ட், பில் எல்லாம் பார்த்தார். பிறகு எதிர் வீடு. நான் எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டேன். இந்தத் தெருவில் ரகசியம் பேசினாலும் கேட்கும், அக்கா ரகசியமே பேசுவதில்லை.

"அக்கா, இப்பக் கரெக்டாச் சொல்லுங்க. இவங்க வேலைக்குப் போறாங்களா?"

"எங்க போவோணும்? வேலை அவளத் தேடி வருது. ராசிபுரத்துச் சேலக்காரரு கார்ல வந்து வாசல்ல நிக்கறாரு, இவ இன்னும் முடியலீங்கண்ணாங்கறா. தீபாவளின்னா அந்த ரூம்பு லைட்டு அணையறதே இல்லீங்க. கண்ணு கெட்டுப் போவும்னு நான்தான் கத்துவேன்."

"காசு வருதுங்களா?"

"வருதாவா? எம்பட கோழிக்குஞ்சுக்கு வெளம்பரம் போட்டுக் குடுத்தா. ரெண்டே நாள்ல அத்தனையும் வித்துப் போச்சு. காசு வாங்கிப்புட்டாளுங்க! எதுத்த ஊடுன்னுகூடப் பாக்கல. பில்லு வேற குடுத்தா. இருங்க, எடுத்துட்டு வாரேன்."

ஜன்னலுக்குக் கீழே நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த பில்லை அக்கா வைத்திருக்கிறார்!

"போன தடவ போனே தொடாதுன்னீங்களே?"

"அது கல்யாணத்துக்குங்க. இது காருக்கு."

அந்தப் பையன் சிரித்த சிரிப்பில் ஹெல்மெட் கீழே விழுந்து உருண்டது.

அவர் போனதும் அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"எல்லாத்தையும் சொல்லிப்புட்டேன். இனி மாப்ள ஊட்டுல எவனாச்சும் வந்தாலும் இதையேதான் சொல்லுவேன். புடிச்சா வரட்டும்."

கட்டிப்பிடித்துக்கொண்டேன். கோழித்தீவன வாசனை.

பிப்ரவரி 16

வந்துவிட்டது வந்துவிட்டது வந்துவிட்டது.

மெசேஜில் என் பெயர், கீழே 'ஒப்புதல்'. வேறு யார் பெயரும் இல்லை. ஸ்கிரீன்ஷாட். குரூப்பில் போட்டேன். மதுரைக்காரர் அழுகிற பொம்மை போட்டு, அடுத்ததாக, "சீட் கவர் நான் அனுப்புறேன், அட்ரஸ் குடு."

பழுப்பு.

பிப்ரவரி 18, புதன்

எமகண்டம் முடிந்து போனோம். மாலை, எலுமிச்சம்பழம், கற்பூரம். கிளட்ச் மாற்றியிருக்கிறார், ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய். புது பேட்டரி. பழைய பேட்டரியைத் தானே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார், அதற்கும் பேரம் பேசுவேன் என்று நினைத்தாராம்.

கடையில் சாவி கொடுப்பதைப் போட்டோ எடுத்துப் போடுவார்கள். அட்டையில் செய்த பெரிய சாவி. கு. பழக்கத்தில் அப்பா பக்கம் நீட்டிவிட்டார்.

"சார், இப்பிடி முன்னால வாங்க."

"எனக்கெதுக்குங்க? நான் வண்டியில எங்க உக்கார்றதுன்னே இன்னும் அம்மிணி சொல்லல."

கு.வின் கழுத்து திரும்பியது. சாவி என் கையில். "நல்லா ஓட்டு சாமி. வேற வண்டி வாங்கறவங்களக் கூட்டிட்டு மட்டும் வந்துராத."

கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தேன். சேலம் டிராஃபிக்கில் ஒரு தடவைகூட ஆஃப் ஆகவில்லை. அப்பா முன் சீட்டில், மடியில் மிச்ச மாலை, கை கதவுப் பிடியில். பயப்படுகிறாரோ என்று மெதுவாகவே போனேன்.

சேலம் தாண்டியதும் அவர் போன் அடித்தது. கிழங்கு லோடு விஷயமாக யாரோ.

"நானா? எம்பட பொண்ணு கார்ல வந்துட்டிருக்கேனுங்க."

அட்டையாம்பட்டி வருவதற்குள் இதையே பலபேரிடம் சொல்லிவிட்டார். வந்த போன் அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் அவரே போட்டது.